முப்பத்தெட்டாவது எச்சரிக்கை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்கா செய்த ஒரு வேலையை எடுத்துக் கண் காது மூக்கு வைத்திருக்கிறேன். அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டும். பேசி இரண்டு வருடமாகிறது. அவளுடைய கம்பைலர் திறந்த மூல மென்பொருள், அதில் நடப்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பாதி புரியாவிட்டாலும் நான் தினமும் பார்க்கிறேன்.

2

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அதன் மூலநிரலில் அக்கா ஒரு புது எச்சரிக்கையைச் சேர்த்தாள். ஒரு வேலையை ஏவிவிட்டு, வந்த பதிலைப் பார்க்காமலே நகர்ந்துபோகும் வரிகளை அது காட்டிக்கொடுக்கும். [மேலே விளக்கினால் மாட்டிக்கொள்வேன்.]

பழைய கம்பைலரை வைத்துப் புதியதைக் கட்டினாள். பிறகு புதியதை வைத்தே அதன் சொந்த மூலநிரலை மறுபடி கட்டினாள். முப்பத்தெட்டு எச்சரிக்கைகள் வந்தன. கடைசியாக வந்தது அவளே எழுதிய ஒரு வரிக்கு.

"உங்க வரியை மட்டும் விட்டுடலாமே?" என்று எழுதினார் உடன் வேலை செய்பவர்.

"என்னோடதைத்தான் முதல்ல திருத்தணும்," என்று பதில் போட்டாள்.

3

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, வேறு ஊரில் அக்கா கல்நெஞ்சோடு உட்கார்ந்து

[அடித்துவிட்டேன். அவள் நெஞ்சு எப்படி இருந்ததென்று எனக்கென்ன தெரியும்?]

இந்தத் தம்பி பாத்திரமும் (நான்தான்) சரியில்லை, ரொம்ப நல்லவனாக வருகிறான். ஆபரேஷனுக்கு மறுநாள்* அவன் போனில் கேட்டது இது:

"வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"சரிடா," என்று வைத்துவிட்டாள்.

* அப்பா இப்போது நலம். மாடிப்படி ஏறுகிறார்.

4

அந்த எச்சரிக்கையைப் படித்த பிறகு பழைய செய்திகளைத் தேடினேன். ஆபரேஷன் அன்று காலை அவளுக்குத் தகவல் அனுப்பியதே நான்தான். அதற்குக் கீழேயே அவள் பதில் இருந்தது: "உடனே கிளம்பி வரட்டுமா?" சொந்தக்காரர்களின் விசாரிப்பு குவிந்தபோது, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்து ஒரே தட்டில் தள்ளியிருக்கிறேன். பார்த்துவிட்டே போனில் அப்படிக் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: போன் செய்கிறான், இருவரும் அழுகிறார்கள். [சினிமா.]

முடிவு இரண்டு: அவள் எடுப்பதில்லை. [அவளுக்கு அந்த உரிமை உண்டு.]

இரண்டும் வேண்டாம். "இன்னிக்குத்தான் பார்த்தேன்க்கா. தப்பு என்னோடது," என்று தட்டி, இந்தக் கதையையும் சேர்த்து அவளுக்கு அனுப்பப்போகிறேன். அவள் பதில் வராமல் இது அச்சுக்குப் போகாது. ஆகவே நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பதில் வந்திருக்கிறது, நான் பார்த்தும்விட்டேன். அது என்ன பதில் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.