ஒரு நிமிடம் பத்து நொடி

சவர நுரையை உள்ளங்கையில் குழைத்து, தம்பியின் தலைமுடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள் அக்கா. எண்ணினால் நூறு முடி தேறாது. பதினெட்டு வயதில் முள்ளம்பன்றி மாதிரி நின்ற தலை அது. இன்று ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் படுத்துக்கொண்டது.

“கொஞ்ச நேரம் நின்னா என்ன கொறஞ்சா போயிடுவ?” என்று முடியை அதட்டினாள்.

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக இழுத்தது. சிரிப்பு என்றே அக்கா வைத்துக்கொண்டாள். சிரிக்காமல் இருக்கிற ஆளா அவன்?

காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லிடுங்க.”

அக்காவிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்பா அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து அவனை வளர்த்தவள் அவள்தான். ஒரே வீட்டில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இருந்தாயிற்று. திட்டவேண்டியதைத் திட்டி, கொஞ்சவேண்டியதைக் கொஞ்சி முடித்துவிட்டாள். காது கேட்கும் என்றால் அதற்குப் போடவேண்டியது பேச்சு இல்லை என்று அவளுக்கு உடனே தோன்றியது. அடுத்த நிமிடமே போனை எடுத்து, அவனுடைய ஆட்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

தம்பிக்குத் தொழில் குழாய் ரிப்பேர். உயிர் என்னவோ டிரம்ஸில். ‘கதவைச் சாத்து’ என்பது அவர்களுடைய குழுவின் பெயர். முதல் ஒத்திகையில் தெருவே சேர்ந்து கத்தியது அதுதான். அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். வாசித்தது பங்க் ராக். கிட்டாரில் மூன்றே மூன்று பிடி, தொண்டை கிழிய ஒரு கத்தல், பின்னால் நாய் துரத்துவதுபோல ஓட்டம், அவ்வளவுதான் சங்கதி. எந்தப் பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. கையில் இருந்த பதினாறு பாட்டையும் அரை மணிக்குள் முடித்துவிட்டு, ஒப்புக்கொண்ட நேரம் மிச்சமிருந்தால் அதே பதினாறை இன்னும் வேகமாக வாசிப்பார்கள். அந்த வேகத்துக்கெல்லாம் காரணம் தம்பி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அடிப்பான். ஊரில் அவனுக்குப் பெயரே ‘அவசரம்’தான். “அவசரம், எங்க வீட்டுல குழாய் ஒழுகுது” என்றுதான் போனில் கூப்பிடுவார்கள்.

மூன்று மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. அக்கா எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனாள். மூன்று பேரும் இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவர்கள்போல நின்றார்கள்.

முன்னால் பல் டாக்டர், கையில் மரக் கிட்டார். பின்னால் பஸ் ஓட்டுகிறவன், அவனுடைய பேஸ் கிட்டாரோடு. கடைசியில் கணக்கு டீச்சர். இந்த டீச்சர்தான் குழுவின் பாடகி. பகலில் பின்னமும் தசமமும் நடத்திவிட்டு, சனிக்கிழமைகளில் மேடையேறிக் கத்துவாள். அவளிடம் படித்த பிள்ளைகள் மேடைக்குக் கீழே நின்று காதைப் பொத்திக்கொண்டு கைதட்டுவார்கள்.

“பெட்டி எங்கடா?” என்றாள் அக்கா. ஸ்பீக்கர் பெட்டியைத்தான் கேட்டாள்.

“கார்லயே இருக்குக்கா,” என்றான் பல் டாக்டர் அடங்கிய குரலில். “இன்னைக்கு அதெல்லாம் வேணாம்னு... மெதுவா, அமைதியா வாசிக்கலாம்னு நீங்க கூப்பிட்டதுலேர்ந்து ஒத்திகை பாத்துவெச்சிருக்கோம்.”

அக்காவுக்கு ஏதோ உறுத்தியது. ஆனாலும் காலையிலிருந்து பாடுபட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்க மனசு வரவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

வாசித்தார்கள். ‘நாளைக்கு வா’ என்ற பாட்டு. பதினெட்டு வயதில் தம்பி குழாய் வேலைக்கு உரிமம் கேட்டு ஊர் அலுவலகத்துக்கு நடையாக நடந்து, பதினோரு நாளும் ‘நாளைக்கு வா’ என்ற பதிலையே வாங்கிவந்து, பன்னிரண்டாவது நாள் ஆத்திரத்தில் எழுதியது. மேடையில் சரியாக ஒரு நிமிடம் பத்து நொடி ஓடும். இன்று அதைத் தொட்டில் ஆட்டுவதுபோல வாசித்தார்கள். பெட்டியில் செருகாத பேஸ் கிட்டார் கொசு மாதிரி முனகியது. “மூணு நகல் எடு, முத்திரை வாங்கு” என்று டீச்சர் கண்ணீரோடு குழைந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாருடைய பாட்டோ மாதிரி இருந்தது.

தம்பியின் முகம் சுருங்கியது. எட்டு மாதமாகப் படுக்கையில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்த வலதுகை ஆள்காட்டி விரல், மடங்கி உள்ளே போய்விட்டது.

“வலிக்குதுபோல,” என்று பதறிக்கொண்டு மருந்துப் புட்டியை எடுக்க எழுந்தாள் அக்கா.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். ஊர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ‘நாளைக்கு வா’ என்று பதினோரு நாள் சொன்ன புண்ணியவான் இவரேதான். ஓய்வுக்குப் பிறகு வேறு வீடே கிடைக்காததுபோல இவர்களுக்குக் கீழேயே குடிவந்து, சத்தம் போடாதே என்று மாதம் ஒரு கடிதம் வீதம் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கங்க சார்,” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“எதைப் பொறுக்கறது? கீழ ஒண்ணுமே கேக்கல. படியேறி வந்து கதவுல காதை வெச்சுக் கேட்டேன். என்னம்மா இது?” அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. “முப்பது வருஷமா ஊரே என்னைத் திட்டற பாட்டு. எனக்குத் தெரியாதா எப்படி இருக்கும்னு? திட்டறதா இருந்தா ஒழுங்காத் திட்டுங்க. போறவன் காதுல இதையா போடுவாங்க?”

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். புருவம் நெரிந்த அந்த முகத்தை அவள் எத்தனை ஒத்திகையில் பார்த்திருக்கிறாள்! வலி இல்லை அது. எரிச்சல். சாகக் கிடக்கிறவன் எரிச்சல்பட்டுக்கொண்டு கிடந்தான்.

“பெட்டியத் தூக்கிட்டு வாங்கடா,” என்றாள். “சீக்கிரம். இவனுக்கு நேரம் இல்ல.”

ஓடினார்கள். கீழ்வீட்டுக்காரரும் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவந்தார். மூச்சு வாங்க ஜன்னலையும் அவரே திறந்துவிட்டார். டாக்டர் இஸ்திரிச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, காரிலிருந்து எடுத்துவந்த மின்சாரக் கிட்டாரை மாட்டிக்கொண்டான். ஒயர்கள் கட்டிலைச் சுற்றி ஓடின. பெட்டி உறுமியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தம்பியின் விரல் வெளியே வந்தது.

ஆரம்பித்தார்கள். நான்காவது வரியில் ஆளுக்கொரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி நின்றது.

“யார் பின்னாடி ஓடறதுன்னே தெரியலக்கா,” என்றாள் டீச்சர், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில். “எப்பவும் அவன் ஓடுவான், நாங்க துரத்துவோம். இப்ப முன்னாடி ஆளே இல்ல.”

டிரம்ஸோ பல் டாக்டரின் கிளினிக் பின்னறையில் இருந்தது. போய் எடுத்துவர ஒரு மணி நேரமாகும். எடுத்துவந்தாலும் அடிக்க யார்? தம்பியின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவன் பாட்டை அவன் வேகத்தில் கேட்காமலே போய்விடுவானோ என்று அக்கா தவித்தாள். இத்தனை வருடத்தில் அவனுக்கென்று அவள் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவள் மூலையிலிருந்த தையல் மெஷினின் மூடியைத் தூக்கினாள்.

அந்த மெஷின் விஷயம் அவளுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதங்களில் மலைமாதிரி சீருடை வந்து குவியும். அவள் மிதித்துத் தள்ளுவாள். தம்பி பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, இரண்டு மரக்குச்சியால் மெஷினோடு சேர்ந்து தட்டுவான். அவனைச் சீண்ட அவள் வேகத்தைக் கூட்டுவாள். அவன் விடமாட்டான், அவளைத் தாண்டுவான். ஊரையே காதைப் பொத்தவைத்த வேகம் இந்த அறையில், கால்சட்டை விளிம்பு அடிக்கும்போது பிறந்தது.

நூலை உருவினாள். தடித்த துணி ஒன்றை நாலாக மடித்து ஊசிக்கடியில் வைத்தாள். முட்டி தேய்ந்துவிட்டது, மெஷினில் உட்காரவே கூடாது என்று வைத்தியர் சொல்லி நாலு வருடம் ஆகிறது. உட்கார்ந்தாள்.

“இதைத் துரத்துங்க,” என்றாள்.

கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிதித்தாள். தடதடவென்று மேசை ஆடியது. டாக்டர் வாயைப் பிளந்தான். பிறகு அவன் கை தானாக நரம்பில் விழுந்தது. பேஸ் பின்னால் பாய்ந்தது. டீச்சர் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பிய்த்தெறியாத குறையாகத் திறந்துகொண்டு கத்தினாள். “மூணு நகல் எடு! முத்திரை வாங்கு! அந்த ஜன்னல் இல்ல, இந்த ஜன்னல்!” பெட்டியின் இரைச்சல் சுவரில் மோதி, ஜன்னல் வழியாகத் தெருவில் போய் விழுந்தது. “நாளைக்கு வா!” என்று கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து கத்தினார். அசல் குரல்.

அக்கா தம்பியின் விரலையே பார்த்து மிதித்தாள். விரல் போர்வையில் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு துளி முன்னால். அவள் கூட்டினாள். அவனும் கூட்டினான். படுபாவி, இப்போதும் விடமாட்டேன் என்கிறானே! முட்டியில் உயிர் போனது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் புருவம் பிரிந்து, முகம் குழந்தை முகமாக இருந்தது.

இரண்டாவது ‘நாளைக்கு வா’ வந்தபோது விரல் பாதி எழுந்து, அப்படியே நின்று, மெல்லப் போர்வையில் படிந்தது. அடுத்த தட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சுக்கு மேலிருந்த போர்வையும் அசையவில்லை.

வேறு யாரும் பார்க்கவில்லை. டீச்சர் கண்ணை மூடியிருந்தாள். டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்காரனின் கண் அக்காவின் கால்மேல் இருந்தது. அவள் காலை எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். இன்னும் இருபது நொடி இருக்கும். அக்காவுக்குக் கண் மறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேகம் ஓர் இம்மியும் குறையாமல், கடைசி அடிவரை மிதித்து முடித்தாள்.

“அக்கா! என்னா மிதி!” என்று டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

டாக்டர் கிட்டாரோடு குனிந்து தம்பியின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். “எப்பக்கா?”

“ரெண்டாவது ‘நாளைக்கு வா’வுல.”

“நிறுத்தியிருக்கலாமே...”

“பாட்டு நடுவுலயா? அவன் என்னைக் கொன்னே போட்டிருப்பான்.”

பஸ்காரன்தான் முதலில் சிரித்தான், விக்கலோடு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெருவில் கைதட்டல். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், ரொட்டிக் கடையிலிருந்து மாவுக் கையோடு வந்தவர்கள் எல்லோரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். “இன்னொண்ணு!” என்று ஒரு குரல் கேட்டது.

“யாராவது போய் முகத்தைக் காட்டுங்கடா,” என்றாள் அக்கா. யாரும் அசையவில்லை.

மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விறைத்துப்போன காலை இழுத்து இழுத்து ஜன்னலுக்குப் போனாள். கீழே நாற்பது முகமாவது இருக்கும். அவளைக் கண்டதும் கைதட்டல் இன்னும் பலத்தது. அக்கா ஒரு கையை உயரத் தூக்கினாள். வெகுநேரம் அதை இறக்கவில்லை.