உதடு அசையாத ஜெபம்

ஞாயிறு ஆராதனையின் முடிவில் பாஸ்டர் ஒரு நோயாளிக்காக ஜெபிக்கச் சொன்னார். மூளையில் இரத்தக்கசிவு, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்றார். பெயரைச் சொன்னதும் மூன்றாவது பெஞ்சில் இருந்த பாஸ்டரின் தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நோயாளி அவளுக்குக் கணவனாக இருந்தவன். இன்னொருத்தியோடு வாழப்போய், கோர்ட்டில் விவாகரத்தும் வாங்கிக்கொண்டவன். சபை முழுக்க முழங்கால் போட்டது. அவளும் போட்டாள். "அவரைப் பிழைக்க வையும் ஆண்டவரே" என்று பின்னாலிருந்த அம்மாள் அழுதே விட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஓடியது வேறு வேண்டுதல்.

அதை விதைத்தவர் அண்ணன்தான், தெரியாமலே.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வருகிற மெக்கானிக், மனைவியை இழந்தவர், சில மாதங்களுக்கு முன்பு கண்ணாடி மாற்ற வந்தார். பிறகு ஒன்றுமில்லாததற்கெல்லாம் வந்தார். கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நேராகவே கேட்டுவிட்டார். அவள் அண்ணன் வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள்.

"துரோகம் பண்ணது அவருதானே அண்ணா? அப்படின்னா பிரியலாம்னு வேதத்துலயே இருக்குல்ல?"

"பிரியலாம் பாப்பா. மறுபடி கட்டிக்கலாமான்னு எனக்குத் தெளிவாத் தெரியல. எனக்கே தெரியாத பாதையில உன் கையைப் பிடிச்சு எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?" சற்றுப் பொறுத்து, "அவன் கண்ணை மூடிட்டா உனக்கு விடுதலை. அது மட்டும் தெளிவா இருக்கு" என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி குழாயை மூடினாள். "நல்லா இருக்குங்க நியாயம். ஒருத்தன் எப்பச் சாவான்னு இவ காத்துக் கிடக்கணுமா?"

அண்ணன் அவள் கையிலிருந்த ஈரத் தட்டை வாங்கித் துடைத்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். அவன் விட்டுப்போன நாட்களில், எழுந்திருக்க மாட்டாமல் கிடந்த தங்கைக்குச் சோறு ஊட்டியவர்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்திருக்கேன். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது எனக்கென்ன புதுசா?" என்றார். அவள் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு, பழைய கணவனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் உடம்பு எப்படியிருக்கிறது என்றே முதலில் தோன்றியது. அவனுக்குச் சர்க்கரை முற்றியிருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று, லென்ஸ் அரைத்தபடி தான் ஏதோ பாட்டு முணுமுணுப்பதை உணர்ந்து மெஷினை நிறுத்தினாள். ஒரு மனுஷனின் சாவுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. உறைத்தும் பார்வையைத் திருப்ப முடியவில்லை.

சபையில் ஜெபித்த அந்த வாரமே, கடை மூடுகிற நேரத்தில் அண்ணன் போன் செய்தார்.

"பிழைச்சிட்டான் பாப்பா. கண்ணு முழிச்சிட்டான். நம்ம ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுட்டாரு."

"நான் அதைக் கேக்கல அண்ணா."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தெரியும். எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்க. நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." குரல் இறங்கியது. "எனக்கும் வாய்தான் கேட்டுச்சு, பாப்பா. மனசு கேக்கல."

இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். "கட்டிக்கோ" என்றோ "வேண்டாம்" என்றோ. அவர் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழப் போனார்.

"அவரு பிழைச்சிட்டாரு."

"நல்லது," என்றார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பக்கத்திலிருந்த டூல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. பஸ் வந்து கதவைத் திறந்தது. அவள் ஏறவும் இல்லை; பஸ் கொஞ்சநேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு, கதவை மூடிக்கொண்டு போனது. பெஞ்சில் அந்த இடம் காலியாகவே இருந்தது.