முணுமுணுக்கும் கம்பவுண்டர்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கும் மயில்வாகனத்துக்கு ஊரில் கெட்ட பெயர். அதைச் சம்பாதிக்க அவர் ஒன்றும் மெனக்கெடவில்லை. உதட்டை அசைத்ததே போதுமாயிருந்தது. புட்டியை அலமாரியிலிருந்து எடுக்கும்போதும், ஊற்றும்போதும், திரும்ப வைக்கும்போதும் அதில் ஒட்டியிருக்கும் பெயரை வாய்க்குள் படிப்பார். மருந்தறைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு மீசை ஆடுவது மட்டும்தான் தெரியும். பக்தி என்றவர்கள் பாதி, செய்வினை என்றவர்கள் மீதி. தன் மனைவி எந்தப் பாதி என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

தறிக்கார வீட்டு அம்சவேணி இரண்டாவது பாதி. அறுபத்தெட்டாம் வருஷத்து மழையில், இருமித் துவண்டுபோன மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுவிய காலிப் புட்டியோடு வந்து நின்றாள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

"இன்னா கம்பவுண்டரே, முணுமுணுத்துக்கினு கீறீங்க?"

"மருந்து பேரப் படிக்கிறேம்மா."

"அதுக்கு எதுக்கு மூணு வாட்டி? எங்க ஓரகத்திக்கும் இப்டித்தான் முணுமுணுத்துக் குடுத்தீங்க. ரெண்டு நாளு பேதியாப் போச்சு."

"அவங்க வாங்கினதே பேதி மருந்தும்மா!"

"அதெல்லாம் வாணாம். வாய மூடிக்கினு கலக்குங்க."

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது. சரி, மூடிக்கொள்கிறேன் என்று வீம்பாக உதட்டை இறுக்கிக்கொண்டார். இருமல் மருந்தான இபிகாக் இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போனது. பழுப்புப் புட்டியை எடுத்து அளந்து ஊற்றி, சிரப்பும் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தாள். பழுப்புப் புட்டியை அலமாரியில் வைக்கப்போனபோது பழக்க தோஷம், உதடு தன்பாட்டுக்கு அசைந்தது.

பெல்லடோனா.

"நில்லும்மா! புட்டியக் குடு!"

"ஏன், மறந்துபோன மந்திரம் ஞாபகம் வந்துட்சா?" அவள் புட்டியை முந்தானைக்குள் ஒளித்தாள்.

அளவு குறைந்துவிட்டது என்று சொல்ல ஒரு பொய் தயாராக நாக்கில் நின்றது. குழந்தை இருமியது. பொய்யை விழுங்கினார்.

"தப்பு மருந்து ஊத்திட்டேம்மா. குடுத்தா கொழந்த பொழைக்காது."

காலையில் டாக்டர்தான் பெல்லடோனாவை எடுத்து இபிகாக் இடத்தில் மாற்றி வைத்திருக்க வேண்டும். பழியை அங்கே தள்ளலாம். ஆனால் பெயரைப் படிக்காமல் ஊற்றிய கை டாக்டருடையது இல்லையே. கத்தித் தெருவைக் கூட்டப்போகிறாள், வேலை போயிற்று என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை. தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். புட்டியிலிருந்ததைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள்.

"இப்பக் கலக்குங்க. எனக்குக் கேக்கறாப்பல படிங்க."

"உனக்கு இங்கிலீஷு..."

"தறியில புதுப் பாவு பிணைக்கசொல்ல எங்க வூட்டுக்காரரு எழையோட கலரச் சொல்லுவாரு. நான் திருப்பிச் சொன்னப்புறந்தான் முடிச்சு. எனக்கு அவரு மேல நம்பிக்கை கெடையாது, அவருக்கும் எம்மேல கெடையாது. சொல்லுங்க."

"இபிகாக்."

"இபிகாக். சீட்டுலயும் அதான் கீதா?"

பார்த்தார். அதுதான் இருந்தது. ஊற்றும்போதும் சொன்னார், திரும்ப வைக்கும்போதும் சொன்னார். அவளும் விடாமல் திருப்பிச் சொன்னாள்.

மருந்து தயாரானதும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்வாகனமும், அங்கே ஏதாவது நடக்கிறதா என்று எதிரிலிருந்த கண்ணாடி அலமாரியில் கொஞ்சம் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் சாய்த்து, முதல் வேளையை அங்கேயே புகட்டினாள்.