தொண்ணூற்றாறு குச்சி பங்களா

பெற்ற பிள்ளைக்காகத் தன் உடம்பையே வருத்திக்கொள்ளும் தகப்பன்மார் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் மழை பெய்கிறது. பதிவறை சூப்பரிண்டெண்ட் அந்த வரிசையில் தன்னைச் சேர்த்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு, அலுவலக வாசலில், கையில் ஒரு ஆரஞ்சு ஐஸோடு.

முந்தின நாள் மகள் பள்ளியிலிருந்து ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்திருந்தாள். 'பயன்படுத்திய ஐஸ் குச்சிகளைக் கொண்டு வீட்டிலேயே ஒரு கைவேலை செய்து வரவும். அவகாசம் மூன்று வாரம்.' மூன்றாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். சுண்டெலி போட்டோ பிரேம் செய்வதென்று வழியிலேயே தீர்மானித்துவிட்டாள். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டுக் குச்சி.

"எட்டுதானே? ஸ்டேஷனரி கடையில கட்டுக் கட்டா வெச்சிருக்கான். நான் வாங்கிட்டு வரேன்" என்றாள் அம்மா. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. கணவருடைய சர்க்கரையை டாக்டரைவிடக் கறாராகக் கவனிப்பவள். நாலு மாதமாக அந்த வீட்டில் இனிப்பு என்ற சொல்லே அடக்கி வாசிக்கப்பட்டு வந்தது.

சூப்பரிண்டெண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுற்றறிக்கை படிப்பதுபோல அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"'பயன்படுத்திய'ன்னு போட்டிருக்கு. புதுக் குச்சி வாங்கினா அது மோசடி."

"யாருங்க வந்து பார்க்கப் போறா?"

"இன்னிக்குக் குச்சியில ஏமாத்துவா. நாளைக்கு?"

"சரி, அவளே தினம் ஒரு ஐஸ் சாப்பிடட்டும்."

"பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்." பெருமூச்சு விட்டார். "நான் பார்த்துக்கறேன். பேருக்கு ஒரு கடி. மிச்சத்தை அப்படியே குப்பைத்தொட்டியில தட்டிட்டு, குச்சியை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

"சத்தியமா?"

"இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவன்கிட்ட சத்தியம் கேக்கறா பாரு!"

எட்டுக் குச்சி இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது. அது சூப்பரிண்டெண்டுக்கு என்னவோ போல இருந்தது.

"போட்டோ பிரேமா? ஊர்ல இருக்கற பிள்ளைங்க எல்லாம் அதைத்தான் செய்யும். நீ வீடு கட்டு."

"வீட்டுக்கு நாப்பது வேணும்ப்பா."

"வேணும்னா வேணும். என்ன பண்றது" என்றார், தலையில் மூட்டையை ஏற்றிக்கொள்பவர் முகத்தோடு.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டை வெளியே வரும். உள்ளே ஐந்து குச்சி. சில நாள் ஆறு. நுனியில் லேசாக ஆரஞ்சு, திராட்சை, பால் வெள்ளை. சுண்டெலி பழைய செய்தித்தாளை விரித்து, ஆறு குச்சியை ஒட்டி ஒட்டி அடுக்கி, குறுக்கே இரண்டில் பசை தடவிப் பதித்து, காயும்வரை துணிக் கிளிப் போட்டு வைப்பாள். ஒரு சுவர் ரெடி. சூப்பரிண்டெண்ட் பசை பாட்டிலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார்.

வீடு முடிகிற சமயத்தில் அவர், "மாடி இல்லாத வீடு ஒரு வீடா?" என்றார். இருபத்துநாலு. மாடி காய்வதற்குள், "காம்பவுண்டு சுவர் இல்லைன்னா கண்டவன் உள்ள நுழைவான்." இருபது. கடைசியில் கார் ஷெட்.

"கார் எங்கப்பா?"

"முதல்ல ஷெட்டைக் கட்டுவோம். கார் தானா வரும்."

அதற்கு ஒரு பன்னிரண்டு.

"ஏங்க, தொண்ணூத்தாறு ஐஸா?" என்றாள் அம்மா.

"தொண்ணூத்தாறு கடி" என்று திருத்தினார். "எல்லாம் சேர்த்தாலும் பத்து ஐஸ் தேறாது. மிச்சமெல்லாம் குப்பையில. வயிறு எரியுது. பிள்ளைக்காகன்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன்."

"பாவம், கடிச்சுக் கடிச்சே இளைச்சுட்டீங்க" என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பங்களா பூர்த்தியானது. அம்மா அதை இரண்டு கையிலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

"குச்சியெல்லாம் கழுவினீங்களா?"

"கழுவறதாவது! தண்ணி பட்டா மரம் வளைஞ்சுக்கும், பசை பிடிக்காது. வந்தது வந்தபடி ஒட்டியிருக்கு."

"அப்ப எறும்பு மொய்க்குமே?"

"மொய்க்காம? பாதிக்கு மேல ஐஸை அப்படியே உதறின குச்சி. மொய்க்கத்தான் செய்யும்."

"சரி. திங்கக்கிழமை தட்டி விட்டுட்டு அனுப்பலாம்" என்று சொல்லி, பங்களாவைச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

அந்த வீட்டு எறும்புகள் லேசுப்பட்டவை அல்ல. மூடி இறுக்கிய இருமல் மருந்துக்குள்ளேயே புகுந்து பார்த்தவை. ஜன்னலிலிருந்து அடுப்பு மேடைவரை வருஷம் முழுக்க அவற்றின் போக்குவரத்துதான். பங்களா நின்றது அந்தச் சாலைக்கு நட்டநடுவில்.

சனிக்கிழமை காலை எறும்புகள் காம்பவுண்டு சுவர்வரை வந்தன. முகர்ந்தன. கார் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு ரொட்டித்தூளைத் தேடிப் போய்விட்டன.

"அம்மா, உள்ளயே போக மாட்டேங்குது!" என்றாள் சுண்டெலி.

"அப்பாதான் சுவர் எழுப்பிட்டாரே, கண்டவன் நுழையக் கூடாதுன்னு."

"காத்துல ஈரம். எறும்புக்கு மோப்பம் பிடிக்காது" என்றார் சூப்பரிண்டெண்ட். குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸின் மானம் இப்போது எறும்புகள் கையில் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மற்ற இருவரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சர்க்கரை டப்பாவைத் தேடினார். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. டப்பா மனைவியின் பீரோவுக்குள்.

வேறு வழியில்லாமல் ஜன்னல் மேடைமேல் குனிந்து, சுட்டுவிரலை நீட்டி, வரிசையிலிருந்து ஒரு எறும்பை ஏற்றி, பங்களாவின் மொட்டை மாடியில் இறக்கிவிட்டார். அது நாலு பக்கமும் ஓடிப் பார்த்து, நக்க ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டு, சுவர் வழியாக இறங்கித் தன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

"என்னங்க, வாடகைக்கு ஆள் கிடைக்கலையா?"

திரும்பினால் வாசற்படியில் மனைவி. அவள் முந்தானைக்குப் பின்னால் சுண்டெலி, வாயைப் பொத்திக்கொண்டு. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தது அவர், ஆனால் நெடுநேரம் சிரித்தார். மனைவி சர்க்கரை போடாத டீயை அவர் கையில் கொடுத்து, "நாளையிலேர்ந்து நேரா வீட்டுக்கு வாங்க" என்றாள். "வரேன், வரேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை சுண்டெலி பங்களாவை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். தட்டிவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூன்று நாளில் அதன்மேல் ஏறியது ஒரே ஒரு எறும்பு. அதுவும் அவர் ஏற்றிவிட்டது.