இடது பக்கத்துக் கேள்வி

ஹாரன் அலறியது. கொட்டகையில் இருந்த பதினான்கு பேரும் இடது பக்கம் திரும்பினார்கள். அவர் மட்டும் வலது பக்கம் திரும்பினார்.

அவர் காதுக்குச் சத்தம் வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. இரண்டாவது கிரேன் அந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்து, தலைக்கு மேலே இரும்பு பீமைத் தூக்கிக்கொண்டு நின்ற முதல் கிரேனை, ‘இடது பக்கம் போ, சீக்கிரம்’ என்று கையை வீசினார். கிரேன் போனது. அதே தண்டவாளத்தில், அதே இடது பக்கத்திலிருந்துதான் இரண்டாவது கிரேன் வந்துகொண்டிருந்தது. மேலே கூண்டுக்குள் இருந்தவர் சுதாரித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினார். இரண்டு கிரேன்களும் ஒரு முழ இடைவெளியில் நின்றுவிட்டன. ஆனால் தொங்கிக்கொண்டிருந்த பீம் நிற்கவில்லை. ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய், கீழே குந்தி உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டரின் மறைப்புத் தட்டியைச் சாய்த்தது. வெல்டர் எகிறிக் குதித்து, முழங்கை சிராய்த்து விழுந்தார்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுய்யா!” என்றது ஒரு குரல்.

கூண்டிலிருந்து ஏணி வழியே இறங்கி வந்தார் கிரேன் ஓட்டுநர். நாள் முழுக்க நாற்பதடி உயரத்தில் இருப்பதால் அவருக்கு ஆகாசம் என்று பெயர். சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் பூமிக்கு வருவார் என்பார்கள். அன்று இரண்டுக்கும் இல்லாமல் இறங்கி வந்தார்.

“அண்ணே, எந்தப் பக்கம் பாத்தீங்க?”

“கண்ணு... கூசிருச்சு” என்றார் அவர். காற்றும் குரலும் பாதிப் பாதியாக வந்தன.

ஆகாசம் கூரையைப் பார்த்தார். கூசுகிற அளவுக்கு அங்கே வெளிச்சம் இல்லை. ஏணியில் ஏறிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் கொக்கிக்குக் கீழே நிற்பவர் அவர். எந்தச் சங்கிலி எந்தச் சுமையைத் தாங்கும், எப்போது தூக்கலாம், எங்கே இறக்கலாம் எல்லாம் அவர் கையசைவிலும் விசிலிலும்தான். அதனால் அவருக்குப் பெயரே விசில். அன்றுவரை அவர் தூக்கிய சுமையால் ஒருத்தருக்கும் நகக்கீறல் பட்டதில்லை. அதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது தடுக்கவும் மாட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இடது காதுக்குள் அக்கி வந்தது. வைரஸ் என்றார் டாக்டர். கொப்புளங்கள் பத்து நாளில் காய்ந்துவிட்டன. ஆனால் அது போகிறபோது சும்மா போகவில்லை. இடது காது கேட்கவில்லை. முகத்தின் இடது பாதி தொங்கிப் போனது. தொண்டையில் இடது பக்க நரம்பும் படுத்துவிட, கொட்டகையையே நிமிர்த்தி வைத்த குரல் பஞ்சர் ஒட்டாத டியூப் மாதிரி ஆனது. விசிலை வாயில் வைத்தால் இடது ஓரமாகக் காற்று ஒழுகும். இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஊதினார். ஒரு காது போனால் சத்தம் பாதியாகும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். திசை முழுசாகப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. நரம்பு சரியாக ஒரு வருஷம் வரை ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவரை கொக்கிக்குக் கீழே நின்றுவிட்டால் போதும். இன்னொருவர் கால் அங்கே பதிந்துவிட்டால் பிறகு அந்த இடம் திரும்பாது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சாப்பாடு. தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் தண்ணீரில்கூட மாவு கலந்து, பசை மாதிரி ஆக்கித்தான் குடிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விழுங்குவதற்கு ஒரு முறை சொல்லித் தந்திருந்தாள். முகத்தை இடது பக்கம் திருப்பி, தாடையை நெஞ்சை நோக்கி இறக்கி, அப்புறம்தான் விழுங்க வேண்டும். சாப்பிடும்போது பேசவே கூடாது. மனைவி அதை ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தாள். முதல் மாதம் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் உட்கார்ந்து, “திரும்புங்க... குனிங்க... ம், இப்ப” என்று எண்ணி எண்ணி விழுங்கவைத்தவள் அவள்தான்.

ஒருமுறை மைத்துனன் வந்திருந்தான். தெரியாமல் இடது பக்கம் உட்கார்ந்து, தன் அலுவலகக் கதை முழுவதையும் கொட்டினான். இவர் ஒவ்வொரு வாய்க்கும் அவன் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார். “அத்தான் இப்பதான் என் பேச்சுக்கு மதிப்பு குடுத்துத் தலையாட்டுறாரு” என்று அவன் நெகிழ்ந்து போனான். அவன் போன பிறகு மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஹாரன் சம்பவத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க கருவி அறையில இருக்கலாம். சம்பளத்துல ஒண்ணும் குறையாது. உங்களுக்குப் பெரிய மனசு. நாங்களே இதை எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தோம்.”

அவருக்குப் புரியவில்லை. நல்ல காதைத் திருப்பினார்.

“நேத்து உங்க வீட்டம்மா வந்தாங்களே. அவரைக் கேட்டேன், சரின்னு தலையாட்டிட்டாரு, சொல்றதுக்குத்தான் கூச்சப்படுறாருன்னு சொன்னாங்க.”

நான் தலையாட்டவில்லை என்று சொல்ல வாய் திறந்தார். அதைச் சொன்னால் மனைவி பொய் சொன்னாள் என்று ஆகும். அன்னியர் முன்னால் அவளை விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. எழுந்து வந்துவிட்டார்.

கருவி அறை கொட்டகையின் மூலையில் இருந்தது. கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல். எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்துக் கருவியை வாங்கிக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை எல்லோரும் வேண்டுமென்றே மரியாதையாகப் பேசினார்கள். ஆகாசம்கூட வந்து, “இனி நீங்க குடுத்தாத்தான்ணே எங்களுக்குச் சுத்தியலே” என்றார். தொடர்ந்து ஏதோ சொல்ல வந்து, “அண்ணி வந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டப்ப என்னால மறைக்க முடியலைண்ணே” என்று முடித்துக்கொண்டு போனார்.

பிற்பகலில் வெல்டர் வந்தார். முழங்கையில் கட்டு இருந்தது. வில்லையை நீட்டினார்.

“கை எப்படி இருக்கு?” என்று கேட்டார் விசில்.

வெளியே உளி இரும்பை வெட்டிக்கொண்டிருந்தது. அவர் குரல் வலையைத் தாண்டவில்லை. வெல்டர் கருவியை வாங்கிக்கொண்டு திரும்பினார். இன்னொரு முறை கேட்கலாம் என்று அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கேட்கவில்லை. அந்தக் கட்டு தூணுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததை, மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டார்.

“நான் எப்ப... சம்மதிச்சேன்?”

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். “புதன்கிழமை, சாப்பிடும்போது. கேட்டேன். தலையாட்டினீங்க.”

புதன்கிழமை. அவருக்கு நினைவு வந்தது. என்றைக்கும் காலையில் ஓடும் வாஷிங் மெஷின் அன்று சாப்பாட்டு நேரத்தில் அவருடைய வலது பக்கத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நோய் வந்ததிலிருந்து வலது பக்கமே உட்காருகிறவள் அன்று இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். மெஷின் இடிக்கும் என்று தள்ளி உட்கார்ந்தாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து விழுங்கும்போது அவள் விரல் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

“அது விழுங்கினது!” என்று கத்தினார். கத்தல் காற்றாக வந்தது. மனுஷனுக்குக் கோபப்படக்கூடக் குரல் வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் மேஜை மேல் இருந்த அவளுடைய தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். அடுத்த கணம் மூச்சு நின்றது. கண் பிதுங்க இருமினார். அவள் ஓடி வந்து அவரைக் குனியவைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இருமுங்க. இன்னும். அவ்வளவுதான், அவ்வளவுதான்...”

மூச்சு திரும்ப ஐந்து நிமிஷம் ஆனது. சட்டையெல்லாம் தண்ணீர். அவள் முந்தானையால் அவர் வாயின் இடது ஓரத்தைத் துடைத்தாள். அந்தப் பக்கம் ஈரமிருப்பது அவருக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

“நாளைக்கு மேனேஜர்கிட்ட போறேன்” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “அது சம்மதம் இல்ல, விழுங்கினதுன்னு சொல்றேன். அவர் நம்புவார். உன் தம்பிதான் ஏமாந்தான். நீயுமா? ஒவ்வொரு வாயையும் எண்ணினவ நீ. உனக்குத் தெரியாதா?”

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலியை இழுத்து அவருடைய வலது பக்கத்தில் போட்டு, அவர் காதுக்கு வெகு அருகில் உட்கார்ந்தாள்.

“இந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருந்தா, மாட்டேன்னுதானே சொல்லியிருப்பீங்க?”