காணும்

கல்யாணமாகி ஆறு வருடமாக "வெக்கம்" என்ற சொல்லுக்குள் நான் சுகமாகக் குடியிருந்தேன். அதைத் தந்தவர் மாமியார் கனகாம்பிகை. எந்தக் கொண்டாட்டத்திலிருந்து நான் நேரத்தோடு பின்கதவால் நழுவினாலும், "மருமகளுக்கு வெக்கம்" என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். உண்மையில் எனக்கு வெட்கமில்லை. ஆட்களோடு இருக்க இருக்கக் களைத்துப்போவேன், தனியே இருந்தால் தெளிந்துவிடுவேன். இதை விளக்குவதைவிட அந்தச் சொல்லை வைத்துக்கொள்வது இலகுவாக இருந்தது.

மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு லண்டன் ஹரோவில் ஒரு மண்டபத்தில் மதிய விருந்து. வரவேற்புரை சொல்ல வேண்டியவர் என் கணவர் சஞ்சயன். எந்தக் கூட்டத்திலும் கடைசியாகக் கிளம்புகிறவர். பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. மேடைக்குப் பின்னால் நின்றார். உரை எழுதிய தாளை என்னிடம் நீட்டினார்.

"ஏலாது கோசி. எல்லாரும் என்னையே பார்ப்பினம்."

"எல்லாரும் உங்கட சொந்தக்காரர்தானே?"

"அதுதான் பயமாக் கிடக்கு!"

சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வெட்கம் இவருடையது, பெயர் மட்டும் என்னுடையது.

பேசினால் வெக்கம் என்ற என் சாட்டுப் போய்விடும் என்று தெரிந்தும் தாளை வாங்கிக்கொண்டு மேடையேறினேன். மாமா லண்டன் பனியில் முதன்முதலாகக் கார் ஓட்டி, மூன்று தரம் சுழன்று, புறப்பட்ட வாசலிலேயே வந்து நின்ற கதையைச் சொன்னேன். மண்டபம் குலுங்கியது. மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

இறங்கியதும் மாமி கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்கு வெக்கம் போயிட்டுது! இனி விருந்து முடியுமட்டும் நிண்டு ஆக்களைக் கவனியும்."

நின்றேன். சாப்பாடு முடியும்போது காதுக்குள் இரைச்சல். யாரோ கேட்டதற்கு, கேள்வி விளங்காமலே இரண்டு தரம் "ஓம்" என்றேன். சஞ்சயன் பயமெல்லாம் போய், கூட்டத்தின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் என்ன சொல்லிப் போவது?

மாமி பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தார். மாமாவின் சிநேகிதர் பத்மநாதன் கோப்பையைக் கையால் மூடி, "காணும் தங்கச்சி, காணும்" என்றார்.

போதும் என்கிற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, நான் வீட்டை போறன். வெக்கமில்லை. எனக்குக் காணும்."

"என்ன காணும்? பாயாசமோ?"

"ஆக்கள்."

கரண்டி நின்றது. "அப்ப எங்களைப் பிடிக்கேல்லையோ?"

"இவர் காணும் எண்டது பாயாசம் பிடிக்காமலோ?"

"சீச்சீ, இது மூண்டாவது கோப்பை," என்றார் பத்மநாதன்.

மாமி அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை? நான் லண்டன் முழுக்க வெக்கம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"அது வசதியாக் கிடந்தது மாமி."

"கள்ளி!" முதுகில் ஒரு தட்டு விழுந்தது. "சரி, எவ்வளவு நேரம் தாங்குவீர்?"

"ஒண்டரை மணித்தியாலம்."

மணிக்கூட்டைப் பார்த்தார். "வந்து மூண்டு மணித்தியாலம் ஆச்சுதே!"

"நல்ல ஆக்கள் மாமி."

அவர் முகம் மலர்ந்தது. நான் எல்லாருக்கும் கைகாட்டிவிட்டு, முதல்தடவையாக முன்கதவால் வெளியே போனேன்.