படைக்கும் முன் எடுத்தது

அம்மன் கோயில் கொடைவிழாவின் முளைப்பாரி ஊர்வலம் மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பிய நேரத்தில்தான் பிரைட்டன் அண்ணன் அதைச் செய்தான். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்கா தந்த சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியோடு வெளியே வீசினான். மூடி உருண்டு நடுத்தெருவில் போய்ப் படுத்தது.

"விக்கிரகத்துக்குப் படைச்சத வீட்டுக்குள்ள வாங்கி வச்சிருக்கியே, வெக்கமா இல்லயாளா?"

"படைச்சது இல்லண்ணே! சாமிக்குப் படைக்கதுக்கு முந்தியே நமக்குன்னு எடுத்து வச்சிருவாங்க. வருசா வருசம் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

"நீ பாத்தியா?"

அப்பாவும் அம்மாவும் நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போன லெந்து நோன்பு நாட்களிலிருந்து அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். முதலில் எங்கள் சபைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை. பொறுத்துப் போவதும் ஊழியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேளம் நின்றது.

"எந்தப் பயலே வீசுனது? வெளிய வாலே!" அக்காவின் தம்பி ராஜபாண்டியின் குரல். கையில் காப்புக் கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் தெருவே நின்றது.

அண்ணன் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டான். "நானே போறேன். இன்னைக்கு ஆண்டவருக்காகச் செத்து இரத்தசாட்சியா நிக்கணும்னா நிக்கேன்."

அவன் கண்களில் பயமே இல்லை. அதைக் கண்டுதான் நான் அதிகம் பயந்தேன். அவனுக்கு முன்னால் வெளியே ஓடி, கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளேயிருந்து கதவை அடித்தான். பிறகு உரக்க ஜெபிக்கத் தொடங்கினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தனமாரி அக்கா வந்தாள். சிந்திய பொங்கலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"ஏலே ராஜா, நான்தாம்ல கை தவறிக் கொட்டிட்டேன். சாமி வார நேரத்துல என்னலே சண்டை?"

"அப்ப உள்ள யாரு கத்துதா?"

"அண்ணன் ஜெபம் பண்ணுதான்," என்றேன்.

"யாருக்கு? எங்களுக்கா?"

"எல்லாருக்குந்தான்."

"எனக்கு ஒரு பொண்ணு கிடைக்கணும்னும் சேத்துக்கிடச் சொல்லு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். ராஜபாண்டி சிரிக்கவில்லை. கதவையே பார்த்தபடி நின்று, பிறகு மேளக்காரர்களுக்குக் கை காட்டினான்.

ஊர்வலம் நகர்ந்ததும் அக்கா குனிந்து பொங்கலை அள்ளினாள். நானும் அள்ளினேன். மண் ஒட்டியிருந்தது.

"அடுத்த கொடைக்கு உங்களுக்கு எடுத்து வைக்கணுமா, வேண்டாமாளா?" என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"வைங்கக்கா. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

அவள் தூக்குவாளியோடு போய்விட்டாள். உள்ளே ஜெபம் நின்றிருந்தது. கதவின் மறுபக்கம் அண்ணனின் மூச்சு கேட்டது.

"திற," என்றான், மிக மெதுவாக.

உள்ளே இருப்பது என் அண்ணன். என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, பொங்கல் ஒட்டிய கையால் தாழ்ப்பாளை நீக்கினேன்.